ஆல்-இன்: டோர்னமெண்ட்டில் ஜெயித்தது, பண மேசையில் ஏன் தோற்றது?

"டோர்னமெண்ட்ல என்ன பண்ணேனோ அதையேதான் இங்கயும் பண்ணேன். அங்க ஜெயிச்சேன். இங்க ஏன்டா மொத்தமா போச்சு?"

சில வருடங்களுக்கு முன் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பன் கேட்ட கேள்வி இது. அவனுக்கு போக்கர் பழக்கமானது இணையத்தில், சின்னச் சின்ன நுழைவுக் கட்டண டோர்னமெண்ட்டுகளில். நூறு ரூபாய் கட்டி உள்ளே போவான். கொஞ்ச நேரம் பொறுமையாக இருப்பான். அப்புறம் சுமாரான சீட்டு வந்தாலே போதும், மொத்த சிப்ஸையும் முன்னால் தள்ளிவிடுவான். இதைத்தான் 'ஆல்-இன்' என்கிறார்கள். பல நாள் வெறுங்கையோடு வெளியே வருவான். ஆனால் அவ்வப்போது கடைசி மேசை வரை போய், கட்டியதைப் போல முப்பது நாற்பது மடங்கு எடுத்துவிடுவான். கணக்குப் பார்த்தால் லாபத்தில்தான் இருந்தான்.

அந்தத் தெம்பில் நேரடியாகப் பணம் வைத்து ஆடும் மேசைகளுக்குப் போனான். அதே ஆட்டம், அதே சீட்டுக்கட்டு, அதே ஆல்-இன். மூன்று வாரத்தில் அறுபதாயிரம் ரூபாய் போனது. அதில் பாதி தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்காக எடுத்து வைத்திருந்தது.

"அதிர்ஷ்டம் மாறிடுச்சு போல" என்று நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அது தப்பான பதில் என்று பிறகு இதைப் பற்றிப் படித்தபோதுதான் தெரிந்தது. அவன் தோற்றதற்குக் கணக்கு இருக்கிறது. டோர்னமெண்ட்டில் ஜெயித்ததற்கும் கணக்கு இருக்கிறது. இரண்டும் ஒரே கணக்கு, உள்ளே போடும் எண்கள்தான் வேறு. அதைத்தான் இந்தக் குறிப்பில் போட்டுப் பார்க்கப் போகிறேன். போக்கர் தெரியாதவர்களும் படிக்கலாம், கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

ஆட்டம், சுருக்கமாக

இங்கே பேசப்போவது டெக்சாஸ் ஹோல்டெம், அதிலும் 'நோ-லிமிட்' வகை. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு, கவிழ்த்துக் கொடுக்கப்படும். மேசை நடுவில் ஐந்து பொதுச் சீட்டுகள் படிப்படியாகத் திறக்கப்படும்: முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று. கையில் உள்ள இரண்டும் நடுவில் உள்ள ஐந்தும் சேர்ந்த ஏழில் சிறந்த ஐந்து சீட்டு எவரிடம் இருக்கிறதோ அவர் ஜெயித்தார்.

ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம். ஒருவர் கட்டினால் மற்றவர்கள் அதே அளவு போட்டு ஏற்கலாம், கூட்டலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். ரம்மியில் 'ஸ்கூட்' விடுகிறோமே, கிட்டத்தட்ட அது மாதிரி. நோ-லிமிட் என்றால் எந்த நேரத்திலும் கையிலிருக்கும் அத்தனை சிப்ஸையும் கட்டலாம்.

இன்னும் ஒன்று தெரிந்தால் போதும். ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு பேர் சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகக் கொஞ்சம் போட வேண்டும். ஒன்று சின்ன பிளைண்ட், இன்னொன்று பெரிய பிளைண்ட். இது மேசையைச் சுற்றி வரும். யாரும் சும்மா உட்கார்ந்து நல்ல சீட்டுக்காகக் காத்திருக்க முடியாதபடி வைத்த வாடகை இது.

டோர்னமெண்ட்டில் இந்த வாடகை குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை ஏறிக்கொண்டே போகும். பண மேசையில் ஏறாது. என் நண்பனின் கதையில் பாதி இந்த ஒரு வித்தியாசத்தில் இருக்கிறது.

ஜெயிக்க இரண்டு வழி

பந்தயத்தை ஏற்பவனுக்கு ஜெயிக்க ஒரே வழிதான்: அவன் சீட்டு நன்றாக இருக்க வேண்டும். பந்தயம் கட்டுபவனுக்கு இரண்டு வழி. சீட்டு நன்றாக இருந்தாலும் ஜெயிக்கலாம், எதிராளி விலகிவிட்டாலும் ஜெயிக்கலாம். ஆல்-இன் என்பது இந்த இரண்டாவது வழியை முழு அளவுக்கு இழுத்துப் பார்ப்பது.

இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் 2003-ல் லாஸ் வேகாஸில் நடந்தது. வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் போக்கரின் முதன்மைப் போட்டியில் 839 பேர் ஆடினார்கள். கடைசியில் எஞ்சியது இரண்டு பேர். ஒருவர் சாமி ஃபர்ஹா, பழுத்த தொழில்முறை ஆட்டக்காரர். இன்னொருவர் கிறிஸ் மணிமேக்கர், டென்னசியைச் சேர்ந்த கணக்காளர், இணையத்தில் சிறு தொகை கட்டி ஆடிய தகுதிச் சுற்றில் ஜெயித்து வந்தவர். (பெயர் நிஜப் பெயர்தான்.)

ஒரு ஆட்டத்தில் மணிமேக்கர் கையில் ஸ்பேட் கிங்கும் ஆர்ட்டின் ஏழும். ஐந்து பொதுச் சீட்டும் திறந்த பிறகு அவரிடம் ஒரு ஜோடிகூடச் சேரவில்லை. ஃபர்ஹாவிடம் ஒன்பது ஜோடி இருந்தது, அதாவது ஜெயிக்கும் கை. மணிமேக்கர் மொத்தத்தையும் தள்ளினார். ஃபர்ஹா நெடுநேரம் யோசித்துவிட்டுச் சீட்டைக் கவிழ்த்தார். பிறகு மணிமேக்கர் சாம்பியன் ஆனார். பரிசு 25 லட்சம் டாலர். இரண்டாமிடத்துக்கு 13 லட்சம்.

இதைப் பார்ப்பவர்கள் மணிமேக்கரின் துணிச்சலைப் பேசுவார்கள். நான் ஃபர்ஹாவின் பக்கத்தைப் பார்க்கச் சொல்கிறேன். சும்மா ஒரு பந்தயம் என்றால் அந்த ஜோடியை வைத்து அவர் ஏற்றிருக்கக்கூடும். போட்டியே கையை விட்டுப் போகலாம் என்ற நிலையில் அதே ஜோடி போதாமல் போனது. பயமுறுத்தியது மணிமேக்கரின் சீட்டு இல்லை, தோற்றால் ஆகும் விலை.

அந்தக் கணக்கு

இப்ப எண்களுக்கு வருவோம். டோர்னமெண்ட் பாதி தாண்டிவிட்டது. சின்ன பிளைண்ட் 500, பெரிய பிளைண்ட் 1,000. நடுவில் 1,500 சிப்ஸ் கிடக்கிறது. உங்களிடம் 10,000. மற்றவர்கள் எல்லோரும் விலகிவிட்டார்கள். உங்களுக்குப் பின் முடிவெடுக்க வேண்டியவர்கள் இரண்டு பிளைண்ட்காரர்கள் மட்டும். அவர்களிடமும் உங்கள் அளவுக்குச் சிப்ஸ் இருக்கிறது. உங்கள் கையில் ஒரே இனத்தில் ஆறும் ஐந்தும். பெரிய சீட்டு ஒன்றும் இல்லை. ஆல்-இன் போகலாமா?

இரண்டு பேரும் விலகினால் 1,500 லாபம். ஒருவர் ஏற்றால் அவரிடம் நல்ல சீட்டுதான் இருக்கும். அப்போது உங்களுக்கு ஜெயிக்க 35% வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். நடுவில் சுமார் 20,500 இருக்கும், அதில் 35% என்றால் 7,175. நீங்கள் போட்டது 10,000. ஆக, ஏற்கப்பட்டால் சராசரியாக 2,825 நஷ்டம்.

1,500 லாபமும் 2,825 நஷ்டமும் சமமாக வேண்டுமென்றால், இருவரும் சேர்ந்து விலகும் வாய்ப்பு 65% இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் உங்களுக்கு லாபம். 75% விலகுகிறார்கள் என்றால் ஒவ்வொரு முறை தள்ளும்போதும் சராசரியாக 400 சிப்ஸுக்கு மேல் மிச்சம். இத்தனைக்கும் கையில் இருப்பது ஆறும் ஐந்தும்.

65% என்பது பெரிய எதிர்பார்ப்பா? இல்லை. ஒவ்வொருவரும் தங்களுக்கு வரும் சீட்டில் நல்லதாக 19% கைகளோடு ஏற்றாலும் இருவரும் விலகும் வாய்ப்பு 65%-ஐ ஒட்டித்தான் வரும். போட்டியிலிருந்தே வெளியேறும் அபாயம் இருக்கும்போது பலர் அவ்வளவு தாராளமாக ஏற்பதில்லை.

இப்ப ஒரே ஒரு எண்ணை மாற்றுவோம். பிளைண்ட் அதே 500, 1,000. ஆனால் மேசையில் எல்லோரிடமும் 1,00,000 சிப்ஸ். அதே ஆறு-ஐந்தை வைத்து மொத்தத்தையும் தள்ளுகிறீர்கள். விலகினால் அதே 1,500 லாபம். ஏற்கப்பட்டால் சராசரி நஷ்டம் 29,825. சமமாக வேண்டுமென்றால் 95% விலக வேண்டும். அதாவது 20-ல் 19 முறை.

சீட்டு மாறவில்லை, துணிச்சலும் மாறவில்லை. கையிருப்புக்கும் பிளைண்டுக்கும் உள்ள விகிதம் மாறியது, அவ்வளவுதான். கையில் 10 பெரிய பிளைண்ட் இருக்கும்போது புத்திசாலித்தனமாக இருந்த ஆட்டம், 100 பெரிய பிளைண்ட் இருக்கும்போது 1,500 ரூபாய்க்காக ஒரு லட்சத்தை ரோட்டில் வைத்துவிட்டுப் போவது மாதிரி ஆகிவிடுகிறது.

போக்கரே தெரியாதவருக்கு ஒரு முறை

இந்த விஷயத்தை நேராகச் சோதித்துப் பார்த்தவர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி. போக்கர் கோட்பாட்டில் பெரிய பெயர். சூதாட்ட விடுதி உரிமையாளர் ஒருவரின் தரப்பிலிருந்து அவரிடம் ஒரு வேண்டுகோள் வந்தது: போக்கர் ஆடியே பழக்கமில்லாத ஒருவர் வேர்ல்ட் சீரீஸ் முதன்மைப் போட்டியில் உட்கார வேண்டும், குறைந்த அவகாசத்தில் என்ன சொல்லிக்கொடுக்கலாம்?

அவர் சொல்லிக்கொடுத்தது இதுதான்: ஆல்-இன் அல்லது விலகல், நடுவில் வேறெதுவும் கிடையாது. முன்னால் யாரும் பந்தயத்தை உயர்த்தவில்லையா? எந்த ஜோடியானாலும், ஏஸ்-கிங் ஆனாலும், ஒரே இனத்தில் ஏஸோடு எது இருந்தாலும், ஒரே இனத்தில் அடுத்தடுத்த சீட்டுகள் இருந்தாலும் மொத்தத்தையும் தள்ளு. யாராவது உயர்த்திவிட்டாரா? அப்படியென்றால் மிக மிக உயர்ந்த சீட்டுக்கு மட்டும் தள்ளு, மற்றதெல்லாம் கவிழ். பிறகு இதைச் செம்மைப்படுத்தி, கையிருப்பைப் பிளைண்டுகளின் கூட்டலால் வகுத்து, பின்னால் காத்திருப்போர் எண்ணிக்கையால் பெருக்கி, வரும் எண்ணைப் பொறுத்து எந்தச் சீட்டுக்குத் தள்ளலாம் என்று பட்டியல் போட்டார். எண் 400-க்கு மேல் என்றால் இரண்டு ஏஸுக்கு மட்டும். 20-க்குக் கீழ் என்றால் எந்த இரண்டு சீட்டானாலும் சரி. 2002-ல் வந்த அவருடைய டோர்னமெண்ட் புத்தகத்தில் இது விரிவாக இருக்கிறது.

இதில் நான் கவனித்தது இரண்டு. ஒன்று, இந்த முறை புதியவருக்குத் திறமை தருவதில்லை. எதிராளியின் திறமையை வேலையில்லாமல் ஆக்குகிறது. தேர்ந்த ஆட்டக்காரர் ஜெயிப்பது பொதுச் சீட்டுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும்போது, நான்கு கட்டங்களில், சின்னச் சின்ன முடிவுகளில். முதல் கட்டத்திலேயே மொத்தமும் உள்ளே போய்விட்டால் மீதி மூன்று கட்டத்தில் முடிவெடுக்க ஒன்றுமே இல்லை. சிலம்பம் தெரிந்தவனிடம் போய் "வா, காசு சுண்டிப் பார்க்கலாம்" என்று கூப்பிடுவது போல. 2005-ல் பிளேர் ராட்மனும் லீ நெல்சனும் இதே எண்ணத்தில் ஒரு முழுப் புத்தகமே எழுதினார்கள். ஃபில் என்ற பெயருள்ள பிரபல ஆட்டக்காரர்கள் நிறைய இருந்ததால் அதற்கு 'கில் ஃபில்' என்று தலைப்பு.

இரண்டாவது, அந்தப் பட்டியலின் இரண்டு ஓரங்கள். கையிருப்பு அதிகமாக இருக்கும்போது அது கிட்டத்தட்ட எதையும் தள்ளவிடுவதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் முரட்டு ஆட்டம். உள்ளே பார்த்தால் பெரும்பாலான நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லும் ஆட்டம். என் நண்பன் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டான்.

கையிருப்பு குறைவாக இருக்கும்போது இது எவ்வளவு சரி என்பதற்கு ஆய்வே இருக்கிறது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மில்டர்சன், சோரன்சன் இருவரும் 2007-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இரண்டு பேர் மட்டும் ஆடும் கடைசிக் கட்டம், பிளைண்ட் 300-ம் 600-ம், மேசையில் மொத்தமே 8,000 சிப்ஸ். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு ஏழு பெரிய பிளைண்ட்கூட இல்லை. இந்த நிலையில் 'தள்ளு அல்லது விலகு' என்பதை மட்டும் சரியான கணக்கோடு ஆடுபவரின் வெற்றி வாய்ப்பு, எல்லா வித்தையும் தெரிந்த உச்சபட்ச ஆட்டத்தின் வெற்றி வாய்ப்பை விட 1.4 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் குறையாது என்று நிரூபித்தார்கள். அத்தனை நுணுக்கத்துக்கும் அங்கே அவ்வளவுதான் மதிப்பு.

ஏற்பவனின் சங்கடம்

பிளைண்ட் விகிதம் கதையில் பாதி என்றேன். மீதிப் பாதி பரிசுத் தொகையில் இருக்கிறது.

பண மேசையில் ஒரு சிப் என்றால் ஒரு ரூபாய். எழுந்து போகும்போது மாற்றிக்கொள்ளலாம். டோர்னமெண்ட்டில் அப்படி இல்லை. எல்லா சிப்ஸையும் ஜெயித்தாலும் மொத்தப் பரிசும் கிடைக்காது, முதல் பரிசுதான் கிடைக்கும். அதனால் சிப்ஸ் இரட்டிப்பானால் அதன் பண மதிப்பு இரட்டிப்பாகாது. சிப்ஸ் முழுதும் போனால் மட்டும் மதிப்பு முழுதாகப் போய்விடும்.

ஒரு உதாரணம். நான்கு பேர் மிச்சம், எல்லோரிடமும் சம அளவு சிப்ஸ். பரிசு மூன்று பேருக்கு: 50, 30, 20 ரூபாய். நான்காவது ஆளுக்கு ஒன்றுமில்லை. மொத்தம் 100 ரூபாய், நான்கு பேரும் சமம், ஆக ஒவ்வொருவரின் இடத்துக்கும் மதிப்பு 25 ரூபாய்.

ஒருவர் ஆல்-இன் போகிறார். நீங்கள் ஏற்கிறீர்கள். ஜெயித்தால் உங்களிடம் பாதிச் சிப்ஸ், மற்ற இருவரிடம் கால்வாசி கால்வாசி. இப்போது உங்கள் இடத்தின் மதிப்பு என்ன? முதல் பரிசுக்கு வாய்ப்பு 1/2. இரண்டாவதுக்கு 1/3. மூன்றாவதுக்கு 1/6. கூட்டினால் 25 + 10 + 3.33, அதாவது 38.33 ரூபாய்.

25 ரூபாயைப் பணயம் வைத்தீர்கள், ஜெயித்தால் கூடுவது 13.33 மட்டும். பிளைண்டில் கிடக்கும் சில்லறையை விட்டுவிட்டுப் பார்த்தால், இந்தச் சவாலை ஏற்க உங்களுக்கு 65% வெற்றி வாய்ப்பு வேண்டும். சிப்ஸ் கணக்கில் 50% போதும், பணக் கணக்கில் 65% வேண்டும். இப்படிச் சிப்ஸைப் பணமாக மாற்றிப் பார்க்கும் முறைக்குப் போக்கர்காரர்கள் ஐ.சி.எம். என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் அடிப்படைச் சூத்திரம் குதிரைப் பந்தய முடிவுகளுக்காக 1973-ல் டேவிட் ஹார்வில் எழுதியதிலிருந்து வந்தது.

65% என்றால் எவ்வளவு? எதிராளி சீட்டைப் பார்க்காமலேயே கண்ணை மூடிக்கொண்டு தள்ளினார் என்று வையுங்கள். அப்படிப்பட்டவருக்கு எதிராக வெவ்வேறு இனத்து ஏஸ்-கிங் வெல்லும் வாய்ப்பு சுமார் 65%தான். எல்லோரும் ஆசைப்படும் கை அது. அதை வைத்துக்கொண்டுகூட, எதிரே பைத்தியக்காரத்தனமாகத் தள்ளுகிறார் என்று தெரிந்தும், லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்ற இடத்தில்தான் நிற்கிறீர்கள்!

அப்படியென்றால் தள்ளியவருக்கும் அதே அபாயம் இல்லையா? உண்டு, ஏற்கப்பட்டால் மட்டும். அவர் முந்திக்கொண்டார், முடிவை உங்கள் தலையில் கட்டிவிட்டார். நீங்கள் ஏற்றால் இரண்டு பேருக்கும் நஷ்டம், வேடிக்கை பார்க்கும் மற்ற இருவருக்கும் லாபம். ஒற்றையடிப் பாலத்தில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டியில் எவன் முதலில் பாலத்தில் ஏறினானோ அவனுக்கு வழி என்பது போல.

இதே கணக்கின் மறுபக்கம் 1982-ல் ஜாக் ஸ்ட்ராஸ் கதை. அவ்வருட வேர்ல்ட் சீரீஸ் முதன்மைப் போட்டியில் மொத்தத்தையும் தள்ளித் தோற்றார், எழுந்து போகப் பார்த்தார், மேசையில் ஒரே ஒரு சிப் மறைந்து கிடந்ததைக் கண்டார் என்று சொல்வார்கள். ஆல்-இன் என்று வாயால் சொல்லியிருக்கவில்லை என்பதால் தொடர்ந்து ஆட அனுமதித்தார்களாம். அந்த ஒரு சிப்பிலிருந்து மேலேறி 104 பேரில் முதலாவதாக வந்து 5,20,000 டாலர் வென்றார். 'ஒரு சிப், ஒரு நாற்காலி போதும்' என்ற போக்கர் சொலவடையை இந்தக் கதையோடு சேர்த்துத்தான் சொல்கிறார்கள். டோர்னமெண்ட்டில் கடைசிச் சிப்புக்கு இருக்கும் மதிப்பு முதல் சிப்புக்கு இல்லை. அதனால்தான் அங்கே எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அதனால்தான் தள்ளுபவனுக்கு வேலை நடக்கிறது.

பண மேசையில் என்ன ஆனது

இப்ப நண்பன் உட்கார்ந்த மேசைக்கு வருவோம்.

அங்கே பிளைண்ட் ஏறாது. ஒவ்வொருவரும் வழக்கமாக 100 பெரிய பிளைண்ட் அளவுக்குப் பணத்தோடு உட்காருவார்கள். தோற்றால் திரும்பப் பணம் போட்டு ஆடலாம். வெளியேற்றம் என்ற ஒன்றே இல்லை. ஏற்பவனுக்கு 50% போதும், 65% வேண்டாம். அவசரமும் இல்லை. ஆல்-இன் தள்ளும் ஒருவன் மேசையில் இருக்கிறான் என்று தெரிந்துவிட்டால் மற்றவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சும்மா இருப்பது.

கணக்கும் அதையே சொல்கிறது. ஆறு பேர் மேசை, நண்பன் முதலில் தள்ளுகிறான், பின்னால் ஐந்து பேர். ஐந்து பேரும் பயந்தாங்கொள்ளிகள் என்றே வைப்போம். ஜாக் ஜோடியும் அதற்கு மேலான ஜோடிகளும், ஏஸ்-கிங்கும் வந்தால் மட்டும் ஏற்பார்கள். அப்படிப்பட்ட கை வருவது 100-ல் 3 முறை. ஐந்து பேரிடமும் அது இல்லாதிருக்கும் வாய்ப்பு 0.97-ஐ ஐந்து முறை பெருக்கினால் வரும்: 86%. அவனுக்குத் தேவையோ 95%.

இத்தனை கோழைகள் மத்தியிலும் நஷ்டம். அவர்கள் கொஞ்சம் புரிந்துகொண்டு கூடுதல் கைகளோடு ஏற்க ஆரம்பித்தால் சொல்லவே வேண்டாம். அவன் சின்னச் சின்னதாகப் பத்து முறை பிளைண்டை அள்ளினான், பதினோராவது முறை எவனோ ஒருவன் இரண்டு ஏஸைக் காட்டினான். "பத்துல ஒன்பது தடவை ஜெயிக்கிறேன்டா" என்று அவன் சொன்னது பொய்யில்லை. ஒன்பது முறை ஜெயித்தது எவ்வளவு, ஒரு முறை தோற்றது எவ்வளவு என்பதுதான் கேள்வி. போதாக்குறைக்கு ஆட்டம் நடத்தும் தளம் ஜெயித்த தொகையில் தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும்.

டோர்னமெண்ட்டில் அவனுக்கு லாபம் வந்ததற்குக் காரணம் அவன் சீட்டும் இல்லை, தைரியமும் இல்லை. பிளைண்ட் ஏறிக் கையிருப்பு சுருங்கியதும், வெளியேறிவிடுவோமோ என்று எதிராளிகள் தயங்கியதும்தான். பண மேசையில் அந்த இரண்டும் இல்லை. மிச்சமிருந்தது வெறும் பெரிய பந்தயம்.

டோர்னமெண்ட்டிலும் ஒரு எல்லை

இதைப் படித்துவிட்டு "அப்ப டோர்னமெண்ட்ல கண்ணை மூடிட்டுத் தள்ளலாம்" என்று கிளம்பிவிடக் கூடாது. 1,024 பேர் ஆடும் போட்டியில் முதலாவதாக வர, கையிருப்பைத் தோராயமாகப் பத்து முறை இரட்டிப்பாக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 50-50 என்றால் பத்தும் ஜெயிக்கும் வாய்ப்பு 1,024-ல் ஒன்று, அதாவது சராசரி ஆள். ஒவ்வொரு இரட்டிப்பிலும் 55% என்று நல்ல ஆட்டம் ஆடினால்? 0.55-ஐப் பத்து முறை பெருக்குங்கள்: சுமார் 0.25%. சராசரியை விட இரண்டரை மடங்கு. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அப்போதும் 400 போட்டியில் ஒருமுறைதான் முதலிடம்.

இதன் அர்த்தம், முறை சரியாக இருந்தாலும் பெரும்பாலான நாட்கள் தோல்விதான் கண்ணில் படும். முறை தப்பாக இருந்தாலும் எப்போதாவது ஒருநாள் ஜெயித்துவிடலாம். சில மாத அனுபவத்தை வைத்து எது எது என்று பிரிக்கவே முடியாது. நண்பன் லாபத்தில் இருந்தபோதுகூட அது முறையால் வந்ததா, இரண்டு நல்ல ஞாயிற்றுக்கிழமைகளால் வந்ததா என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

திறமையா, அதிர்ஷ்டமா?

நம்மூரில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. 2022-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் வைத்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றாலும், இந்த இரண்டும் திறமை விளையாட்டுகள் என்று சொல்லி அவற்றைச் சேர்த்த பகுதியை ரத்து செய்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்ற பிரிவினையையே ஒதுக்கிவிட்டு, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது.

நீதிமன்றத்தில் 'திறமை விளையாட்டு' என்பது ஆட்டத்துக்கு ஆதரவான வாதம். மேலே போட்ட கணக்கைப் பார்த்தபின் எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. திறமை என்றால் அது எவரிடமோ இருக்கிறது என்று பொருள். எவரிடம் என்று தெரியாமல் பணத்தோடு உட்காருபவன், பெரும்பாலும் அது இல்லாதவன். வெறும் அதிர்ஷ்டம் என்றால் நண்பனின் அறுபதாயிரம் கரைய இன்னும் ரொம்ப நாள் ஆகியிருக்கும். எதிரே இருந்தவர்களுக்குக் காத்திருக்கத் தெரிந்திருந்தது, அதனால்தான் மூன்று வாரத்தில் முடிந்தது.

அந்தக் கட்டணத்தை அவன் சம்பள முன்பணம் வாங்கியும் என்னிடம் கொஞ்சம் வாங்கியும் கட்டினான். தங்கைக்கு இன்றுவரை தெரியாது. அதற்கப்புறம் அவன் எந்த மேசையிலும் உட்காரவில்லை. ஆனால் அந்தச் சொல் மட்டும் போகவில்லை. இப்போதும் யாராவது வேலையை விட்டுவிட்டுக் கடை போட்டால், சேமிப்பை மொத்தமாக ஒரே பங்கில் போட்டால், "ஆல்-இன் போயிட்டான்டா, கெத்து" என்பான்.

அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் மூன்று விஷயம் கேட்கிறேன். சும்மா இருந்தாலே கரைந்துபோகிற நிலையிலா அவன் இருக்கிறான், பிளைண்ட் ஏறுகிற மாதிரி? அவன் தள்ளினால் விலகிப்போக எதிரே யாராவது இருக்கிறார்களா? தோற்றால் போவது நுழைவுக் கட்டணம் மட்டுமா? டோர்னமெண்ட்டில் மூன்றுக்கும் 'ஆமாம்'. அதனால்தான் அங்கே ஆல்-இன் ஒரு முறையாகவே இருக்கிறது. பங்குச் சந்தை யாருக்கும் பயந்து விலகாது. வீட்டுச் சேமிப்பு நுழைவுக் கட்டணமும் இல்லை.

போன மாதம் அவனுக்கு இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். 95%, 86% என்ற இரண்டு எண்ணையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "இதை அப்பவே சொல்லிருக்கலாமேடா" என்றான். அப்போது எனக்கும் தெரியாது.